குசினி வாசலில் நின்றவள்

வெள்ளவத்தை
2024 பெப்ரவரி 4

அன்புள்ள கொன்ஸ்ரன்ரைன் அங்கிள்,

நிம்றா எழுதுகிறேன். எத்தனையோ தரம் போன் எடுத்துப் பார்த்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். நேரில் வர எனக்குத் துணிவில்லை. அதனால்தான் கடிதம். யாரையாவது கொண்டு வாசித்துக் கேளுங்கள்.

நல்ல செய்தி ஒன்று. உங்களைப் பற்றி நான் எடுத்த படத்துக்கு ஜெர்மனியில் ஒரு விழாவில் பரிசு கிடைத்திருக்கிறது. கடைசிக் காட்சியில், ஒன்றும் பேசாமல் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், மண்டபம் முழுக்க அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஜூன் மாதம் கொழும்பில் திரும்பவும் காட்டப்போகிறோம். நீங்கள் மேடைக்கு வந்து நாலு வார்த்தை பேசவேண்டும் என்பது என் ஆசை.

எமல்டா ஆன்ட்டிக்கு என்மேல் கோபம் என்று தெரியும். அவவை எவ்வளவோ எடுத்தோம், படத்தில் ஒரு இடத்திலும் வைக்கவில்லை. நீங்கள் முந்தி இருந்த தோட்டத்து வரிசை வீடுகளை இடித்து, சனங்களை அடுக்குமாடிக்கு அனுப்பியதைப் பற்றிய படம் அது. ஒரு மணித்தியாலப் படம் ஒரு ஆளின் கதையைத்தான் தாங்கும் அங்கிள். நீங்கள் விளங்கப்படுத்திச் சொன்னால் அவ கேட்பா. அவவுக்கு என் ஸலாம் சொல்லுங்கள். அவவின் சீனிச்சம்பலை நினைத்தால் இப்போதும் வாய் ஊறுகிறது.

அன்புடன்
நிம்றா

*

கொட்டாஞ்சேனை
பதினோராம் மாடி
2024 பெப்ரவரி 20

நிம்றா மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. கீழ் மாடியில் இருக்கும் கிளைவ் வாசித்துக் காட்டினார். கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். இதையும் அவர்தான் எழுதுகிறார். எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பக்கம் முடியவும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். இந்த மனுசன் நான் சொல்வதை அழகாக்கப் பார்க்கிறார். தொடக்கத்தில் ‘இறைவன் அருளால் நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிவிட்டார்.

“கிளைவ், நான் எங்க நலம் எண்டு சொன்னனான்?”

“கடிதம் எண்டா அப்பிடித்தான் தொடங்கவேணும், கொன்ஸி.”

“வெட்டுங்கோ.”

வெட்டின கோடு மேலே இருக்கிறது, பார். போனில் கதைக்காமல் இப்படி எழுதுவதற்குக் காரணமும் அதுதான். கடிதத்தில் வெட்டினால் வெட்டினது தெரியும்.

எமல்டாவுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாய். சொல்ல ஆள் இல்லை மகள். நவம்பரில் போய்விட்டாள். மரித்தோர் திருநாளுக்குத் தன் தாயின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த மாதம்பிட்டிக்குப் போய் வந்தவள், அந்த மாதம் முடிய முன் அங்கேயே போய்ச் சேர்ந்தாள். நெஞ்சு நோகிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கிளைவ் ‘ஆறாத் துயரில் மூழ்கியுள்ளேன்’ என்று எழுதினார். அதையும் வெட்டச் சொன்னேன். நான் சொன்னது இது: லிப்டில் எப்போதும் அவள்தான் பட்டனை அமத்துவாள். சின்னப் பிள்ளை மாதிரி, என் கையைத் தட்டிவிட்டு அமத்துவாள். இப்போது நான் உள்ளே போய் நிற்கிறேன். கதவு மூடுகிறது. லிப்ட் போகாது. யாராவது வந்து ஏறும் வரைக்கும் அப்படியே நிற்கிறேன்.

போன வருசம் மே மாதம் வெள்ளவத்தையில் படம் காட்டினாயே, அதைச் சொல்லவேண்டும். கோயில் திருநாளுக்கு உடுக்கிற நாவல் நிறச் சீலையை உடுத்திக்கொண்டு வந்தாள். த்ரீவீலில் வரும்போது, “நான் தண்ணிப் பைப்பைப் பற்றிச் சொன்னதைப் போட்டிருப்பாளோ? தலைமயிர் கலைஞ்சிருந்ததே,” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். படம் ஓடியது. இப்ப வரும், இப்ப வரும் என்று என் முழங்கையைப் பிடித்தபடி இருந்தாள். வெளிச்சம் போட்டார்கள். ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடித்து, “அங்கிள், நீங்க தனிய எப்பிடிச் சமாளிக்கிறீங்க?” என்று அழுதாள். எமல்டா பக்கத்தில் நிற்கிறாள். நான் வாய் திறக்க முன் அவளே சொன்னாள், “நான் பக்கத்து வீட்டுக்காரி. அப்பப்ப சோறு குடுப்பன்.”

திரும்பும்போது புறக்கோட்டை வரும் வரைக்கும் த்ரீவீலில் வெளியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள், “என்ன, எனக்கு எப்ப செத்த வீடு வைச்சவங்கள்? ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லயே!” அவளும் சிரித்தாள், ஓட்டின பெடியனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து சீலையை மடிக்கும்போது சிரிக்கவில்லை.

நீ ஒரு பொய்யும் போடவில்லை மகள். நான் சொன்னதைத்தான் போட்டாய். ‘இங்க கதைக்க ஆளில்ல’ என்று படத்தில் சொல்கிறேன், என் வாய்தான், என் குரல்தான். நான் முழுக்கச் சொன்னது என்ன என்று எனக்கு நல்ல ஞாபகம். “பின்னேரம் எமல்டா கோயிலுக்குப் போனா இங்க கதைக்க ஆளில்ல, அவ வரும் வரைக்கும் கடலத்தான் பாத்துக்கொண்டிருப்பன்.” முன்னுக்கும் வெட்டினாய், பின்னுக்கும் வெட்டினாய். நடுத்துண்டை வைத்து, பெண்சாதி உயிரோடு இருக்கும்போதே என்னைத் தபுதாரனாக்கினாய்.

இப்போது உன் படம் உண்மையாகிவிட்டது. அதில் இருக்கிற மனுசன்தான் நான்.

பரிசும் வேண்டாம், மேடையும் வேண்டாம். ஒன்றுதான் கேட்கிறேன். எமல்டா கதைத்ததை எல்லாம் எடுத்தாயே, அந்தத் துண்டுகள் எனக்கு வேண்டும். வீட்டில் அவளுடைய படம் இருக்கிறது, கலியாணப் படமும் இருக்கிறது. குரல் இல்லை. அவளுடைய சீலை இருக்கிறது, செருப்பு இருக்கிறது, குரல் ஒரு இடத்திலும் இல்லை. உன்னிடம்தான் இருக்கிறது.

கொன்ஸ்ரன்ரைன்
(கைநாட்டு)

*

வெள்ளவத்தை
2024 மார்ச் 8

அங்கிள்,

இன்னா லில்லாஹி. கடிதத்தை வாசித்துவிட்டு வெகுநேரம் எழும்பவில்லை. உம்மா வந்து என்ன என்று கேட்டா. ‘சீனிச்சம்பல் ஆன்ட்டி மௌத்தாகிவிட்டா’ என்றேன். அவவுக்கும் தெரியும், நீங்கள் தந்த போத்தல் எங்கள் வீட்டு மேசையில்தானே இருந்தது.

நீங்கள் கேட்டதைத் தேடினேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன். அது இல்லை அங்கிள்.

படத்துக்குக் கமெராவும் சத்தமும் பிடித்த சஜீத்தும் நானும் வயிற்றுப்பாட்டுக்குக் கலியாண வீடியோ செய்கிறோம். ஆன்ட்டியை எடுத்தது எல்லாம் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. படம் முடிந்ததும், தேவைப்படாது என்று நினைத்து, அதை அழித்துவிட்டுத் தெஹிவளைக் கலியாணம் ஒன்றை அதில் போட்டோம். அழித்தது நான். ‘அழிக்கவா?’ என்று கம்பியூட்டர் கேட்டது. ‘ஓம்’ என்று அமத்தினேன். சஜீத் கடைக்காரர்களிடமும் கொண்டுபோய்க் காட்டினான். மேலே வேறு படம் ஏறிவிட்டதால் ஒன்றும் எடுக்க முடியாது என்கிறார்கள்.

ஒரு ஆளின் கதைதான் தாங்கும் என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. ஆன்ட்டி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “தோட்டத்தில தண்ணிக்கு வரிசையில நிண்டு நிண்டே என்ர காலம் போயிட்டு மகள். இங்க பைப்பைத் திறந்தா தண்ணி. உள்ளுக்கே கக்கூஸ். அவர் பழைய வீட்டை நினைச்சு அழட்டும், அவரா தண்ணி தூக்கினவர்?” நான் சொல்ல வந்ததை ஒரே அடியில் விழுத்திவிட்டா. காசு தந்த வெளிநாட்டு ஆட்களில் ஒருவர் பார்த்துவிட்டு, ‘இந்த அம்மா சிரிக்கும்போது அவருடைய சோகம் கலைகிறது’ என்றார். நானும் தலையாட்டினேன். அந்த இடத்தில் ஆன்ட்டி உங்களுக்காகக் கதைக்கவில்லை, எனக்காகவும் கதைக்கவில்லை. தனக்காகக் கதைத்தா. அதைத்தான் வெட்டினேன்.

இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது படம் மட்டும்தான். கடைசிக் காட்சி. உதடு நடுங்க, கண் கலங்க, கண்ணீரை அடக்கிக்கொண்டு இருக்கிறீர்களே, அது. அந்த நேரம் பழைய வீட்டையா நினைத்தீர்கள் என்று உங்களிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

நிம்றா

*

கொட்டாஞ்சேனை
2024 மார்ச் 23

நிம்றா மகளுக்கு,

இல்லை என்று நீ எழுதியதைக் கிளைவ் வாசிக்கும்போது, “அத விட்டுட்டு மிச்சத்தை வாசியுங்கோ” என்றேன். மிச்சத்தை வாசித்தார். கடைசியில் நீ கேட்ட கேள்வி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவக்காலத்தில், செத்த வீடு நடந்த வீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தேன். கிளைவ் பயந்துபோனார்.

அடக்கினது கண்ணீர் இல்லை மகள். சிரிப்பு.

அன்றைக்கு வேலை எல்லாம் முடிந்தது. காதில் அந்தப் பெரிய சாமானைப் போட்டுக்கொண்டிருந்த சஜீத் சொன்னான், “அங்கிள், ஒரு நிமிசம் ஒருத்தரும் அசையக்கூடாது, கதைக்கக்கூடாது. அறையின்ர சத்தத்தை மட்டும் எடுக்கவேணும்.”

“அறைக்கு என்ன தம்பி சத்தம்?”

“ஒவ்வொரு அறைக்கும் ஒரு சத்தம் இருக்கு அங்கிள். படத்தை வெட்டி ஒட்டேக்க ஒட்டு காதுக்குத் தெரியாம இருக்க அதை அடியில போடுவம்.”

நல்லது என்று கதிரையில் இருந்தேன். நீ எனக்கு எதிரே, குசினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். சஜீத் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கமெராவை ஒருவரும் நிறுத்தவில்லை என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. எமல்டாவுக்கும் சத்தம் போடவேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். அவள் சத்தம் போடவில்லை. குசினி வாசலில் வந்து நின்றாள்.

தேத்தண்ணி ஊற்றி வைக்கிற போச்சி ஆறாமல் இருக்க மேலே மாட்டுகிற பஞ்சுத் துணித் தொப்பி ஒன்று எங்களிடம் இருக்கிறது. கோயில் சந்தையில் வாங்கினது. அதைத் தலையில் மாட்டியிருந்தாள். அசல் ஆயர், பிஷப்பேதான். கையில் அகப்பையைச் செங்கோல் மாதிரிப் பிடித்திருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. சஜீத்தின் முதுகுக்குச் சிலுவை போட்டு ஆசீர்வாதம் கொடுத்தாள். உன் முதுகுக்குக் கொடுத்தாள். கமெராவுக்குக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, மோதிரத்தை முத்தமிடச் சொல்லிக் கையை நீட்டினாள்.

என் உதடு ஏன் நடுங்கியது என்று இப்போது தெரிகிறதா? கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. பரிசு தந்த ஜெர்மன்காரருக்கு எழுதிவிடு, கொட்டாஞ்சேனைக் கிழவன் அழவில்லை, அவனுடைய பெண்சாதி அவனைச் சிரிக்கப் பண்ணிச் சாகடித்துக்கொண்டிருந்தாள் என்று.

எல்லாம் முடிந்துதான் நீ திரும்பினாய். அவள் தொப்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். “என்ன அங்கிள்?” என்றாய். “ஒண்டுமில்ல மகள்” என்றேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம் என்று நினைத்தேன்.

கிளைவ் வாசித்துவிட்டுப் போன பிறகு தனியே இருந்து யோசித்தேன். படத்தில் நீ அவளை வைக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி இடத்தில் நான் பார்த்துக்கொண்டிருப்பது கடலை இல்லை, அவளை. அவள் இல்லாத படத்தில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அதைத் திரும்பப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. இவ்வளவு நாளும் உன்மேல் இருந்த கோபத்தில் அதை மறந்துபோனேன்.

இன்னொன்று. சஜீத்திடம் கேள். அந்த அறைச் சத்தம் இருக்கிறதா? அவள் ஒன்றும் கதைக்கவில்லை, தெரியும். ஆனாலும் அந்தச் சத்தத்துக்குள் அவள் நின்றாள். மூச்சு விட்டிருப்பாள்தானே.

கொன்ஸ்ரன்ரைன்
(கைநாட்டு)

*

வெள்ளவத்தை
2024 ஏப்ரல் 17

அங்கிள்,

நோன்பு, பெருநாள், பிறகு வருசப் பிறப்பு லீவு என்று சஜீத்தைப் பிடிக்க இவ்வளவு நாளாகிவிட்டது. கேட்டதும் தலையைச் சொறிந்தான். “அதை நான் எப்பிடி அழிப்பன்? நல்ல அறை அது. பாங்கு இல்ல, பஸ் சத்தம் இல்ல,” என்றான். தெஹிவளைக் கலியாணத்தில் ஐயர் இல்லாத, மேளம் இல்லாத ஒரு இடத்தில் மைக் பழுதாகி ஒலி விழவில்லையாம். அந்த ஓட்டையை உங்கள் வீட்டு அறைச் சத்தத்தை வைத்துத்தான் அடைத்திருக்கிறான். தாலி கட்டி முடிந்து பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அடியில் ஓடுவது உங்கள் வீடு. அதனால்தான் அது தப்பியது.

இரண்டு பேரும் காதில் போட்டுக் கேட்டோம். காற்றாடி சுழல்கிறது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. எங்கேயோ லிப்டின் மணி. செருப்பு ஒன்று மெல்ல வந்து நிற்கிறது. அகப்பை வாசல் நிலையில் ‘டொக்’ என்று படுகிறது. அந்த ‘டொக்’ என்ன என்று உங்கள் கடிதம் வரும் வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. பிறகு நீங்கள் மூக்கால் விடும் மூச்சு. சஜீத் “ஓகே, கட்” என்கிறான். நீங்கள் வெடித்துச் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அதை வேலை முடிந்த சந்தோசம் என்றுதான் நினைத்தேன்.

அவன் ரெக்கோடரை நிறுத்தக் கொஞ்சம் பிந்திவிட்டான் அங்கிள். ஆன்ட்டியின் குரல் இருக்கிறது. தெளிவாக இருக்கிறது.

“முடிஞ்சுதா? இனி நான் கதைக்கலாமா?”

அதற்குப் பிறகு என் குரல். “பொறுங்க ஆன்ட்டி.” அத்தோடு முடிகிறது.

இவ்வளவுதான் மிச்சம். எத்தனையோ மணித்தியாலம் அவ கதைத்ததில் இது மட்டும்.

இதோடு அந்தச் சத்தத்தைப் பதிந்த ஒரு மெமரி சிப் அனுப்புகிறேன். குசினி ராக்கைத் தட்டில் ஆன்ட்டி பாட்டுக் கேட்கிற சின்ன ரேடியோவின் பக்கவாட்டில் அதைப் போடும் இடம் இருக்கிறது.

ஒரு கேள்வி. ஜூன் மாதம் காட்டும்போது, படம் முடிந்து திரை கறுப்பாகும் இடத்தில் ஆன்ட்டியின் அந்தக் குரலைப் போட விரும்புகிறேன். என் குரலோடு சேர்த்து. நான் என்ன செய்தேன் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும். உங்கள் அனுமதி இல்லாமல் செய்யமாட்டேன்.

நிம்றா

*

கொட்டாஞ்சேனை
2024 மே 6

நிம்றா மகளுக்கு,

சிப் கிடைத்தது. கிளைவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரேடியோவில் சொருகினார். ‘டொக்’ வந்ததும் நான் எழும்பிக் குசினியைப் பார்த்தேன். அவள் கதைத்ததும் கிளைவ் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அன்றைக்கு எழுத முடியாது என்றார். அதுதான் இந்தக் கடிதம் பிந்தியது. அவர் எழுதாவிட்டால் எனக்கு வேறு ஆளில்லை. முந்தி எனக்கு எழுதித் தருகிறவள் அவள்தான்.

அனுமதி கேட்டாய். கேட்டதுக்குச் சந்தோசம். ஆனால் நீ கேட்கிற ஆள் நான் இல்லை. படம் எடுக்கத் தொடங்கும்போது நீ ஒரு சம்மதக் கடதாசி தந்தாய். நான் கைநாட்டு வைத்தேன். எமல்டா வாசித்துப் பார்த்து, வடிவாகக் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்துப் போட்டுத் தந்தது தண்ணிப் பைப்பின் கதை. அதை நீ அழித்துவிட்டாய். இது அவள் தந்தது இல்லை. தற்செயலாக விழுந்தது. அவளிடம் கேட்க வழியில்லாத ஒன்றை ஊருக்குப் போட்டுக் காட்ட உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. படத்தில் போடாதே.

உன்னை நீயே எல்லாருக்கும் முன்னால் குற்றவாளியாக நிறுத்துவதற்கும் அவளைப் பாவிக்காதே. அதைக் கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். கிளைவ் மெதுவாக எழுதப் பார்த்தார், நான் விடவில்லை.

ஜூன் மாதம் நான் வருகிறேன். மேடையில் கதிரை போடு. படத்தைக் காட்டு. சனம் அழட்டும். வெளிச்சம் வந்த பிறகு, நான் தேத்தண்ணித் தொப்பியைப் பையில் இருந்து எடுத்து, குசினி வாசலில் நின்றது யார் என்று சொல்லுவேன். தண்ணிப் பைப்பைப் பற்றி அவள் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொல்லுவேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரும் வெட்டாமல் இருந்தால் சரி. பிறகு சனம் சிரிக்கவேண்டும். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

அதற்கு முன் ஒரு பின்னேரம் இங்கே வா. அந்தக் கடைசிக் காட்சியைப் போனில் கொண்டு வா, எனக்குப் பார்க்கவேண்டும். கமெராவை வெள்ளவத்தையிலேயே வைத்துவிட்டு வா. சீனிச்சம்பல் கிடையாது. பாண் இருக்கும்.

ரேடியோவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சிப்பில் ஒரே துண்டுதான் இருப்பதால், முடிந்ததும் அது தானாகவே திரும்பத் தொடங்குகிறது. நிறுத்துகிற பட்டன் எது என்று அவளுக்குத்தான் தெரியும். நானும் கிளைவிடம் கேட்கவில்லை. பின்னேரத்தில் போட்டுவிட்டுக் கதிரையில் இருக்கிறேன். காற்றாடி, கப்பல், செருப்பு, அகப்பை. வீட்டில் ஆள் இருக்கிற சத்தம். பிறகு அவள் கேட்கிறாள், இனி நான் கதைக்கலாமா என்று.

அவள் கேட்டு முடிந்து, உன் குரல் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் அதை நான் கவனிக்கவில்லை. இப்போது பிடித்துக்கொண்டேன். நீ பொறுக்கச் சொல்ல முன், அந்த இடைவெளிக்குள் நான் முந்திச் சொல்லிவிடுகிறேன்:

“கதை, எமல்டா.”

கொன்ஸ்ரன்ரைன்
(கைநாட்டு)